கூடையில் கிடந்த பாட்டு

பிரேமகுமாரிக்கு அன்று காலை முதலே வயிறு எரிந்துகொண்டிருந்தது. சாப்பிட்ட புட்டும் கடலையும் காரணமல்ல. எதிர்ச் சாரியில், பாறசாலை ஜங்ஷனைப் பார்த்த மாடியில், கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு, மூன்று பாஷையில் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் நிஜின்தான் காரணம்.

அவளிடமே துப்பறியும் தொழில் படித்தவன். கல்யாண விசாரணைக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டு நாயிடம்கூட நல்ல பேர் வாங்குவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். இன்றைக்கு அவனுக்கு இணையத்தில் அஞ்சு நட்சத்திரம். அவளுக்குப் பேக்கரி மாடியில் ஓர் அறை, ஒரு ஃபேன், ஒரு கனகதாஸ்.

"நேத்தைக்கு விட ரெண்டு பேர் கூட நல்லவன்னு எழுதியிருக்காவ" என்று போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"நமக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு அக்கா. போன கிறிஸ்துமசுக்கு நான் கெட்டினது. இப்பவும் ஜன்னல்ல தூங்கிட்டுக் கிடக்கு" என்றான் கனகதாஸ். அவன் அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் நெய்யாற்றின்கரை பஸ்ஸில் கண்டக்டர். வேலையை விட்டு இறங்கினவன் வாயை மட்டும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

"எனக்க போனைப் பாருலே. மீன்கறி வைக்கது எப்பிடீண்ணு பாக்கப் போனாலும் இவனுக்க விளம்பரம். மழை வருமாண்ணு பாக்கப் போனாலும் இவனுக்க மூஞ்சி. என்னை எரிச்சலாக்கணும்ணே துட்டைச் செலவாக்குதான்."

"எனக்க போன்ல அவன் வாறதே இல்லியே" என்றான் கனகதாஸ். அவள் காதில் வாங்கவில்லை. அந்த நேரம் படியில் பட்டுப் புடவை சரசரத்தது.

வந்தவள் ரெஜிலா. கொல்லயில் பக்கத்துப் பழைய மிஷன் சபையில் பாடகர் குழுவின் முதல் குரல். அவள் பாட எழுந்தால் சபையே நிமிர்ந்து உட்காரும் என்று பேர். அன்றைக்கு நாற்காலியில் சரியாக உட்காரக்கூட அவளால் முடியவில்லை. நுனியில் ஒட்டிக்கொண்டு, கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"கானமுத்துண்ணு ஒரு ஆப் உண்டு. தெரியுமா?"

"நம்ம நாட்டுப் பாட்டுக்காரங்களுக்கு உள்ளது. வாரா வாரம் முதல் பத்துண்ணு போடுவான்" என்றாள் பிரேமகுமாரி.

"அதுதான். இண்ணைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசி முதல் பத்தை முடிக்கான். அதுல ஒண்ணாவதா வாறவங்களுக்காக்கும் இந்தக் கிறிஸ்துமஸ் மேடை. வாத்தியக்காரங்க எல்லாம் வச்சு ஒரு ஆல்பமும் போட்டுத் தருவான். எனக்க பாட்டு 'தீபத் தூணே' ரெண்டாவது. ஒண்ணாவது யாரு தெரியுமா? லிஜா!"

அந்தப் பேரை அவள் சொன்ன விதத்தில், லிஜா என்பது ஏதோ தொற்றுநோய் போல இருந்தது.

"எனக்குப் பக்கத்துல நிண்ணு பாடினவ. சபையை விட்டுட்டுப் போய், கட்டினவனுக்கக் கடையில உக்காந்து 'பாதி வழி வந்தேன்'னு ஒண்ணு பாடிப் போட்டா. அது ஒண்ணாவதா? கள்ளக் கணக்காக்கும். எனக்கு உறுதியாட்டுத் தெரியும். நீங்க விசாரிச்சு ஒரு ரிப்போர்ட் தாருங்க. நான் ஆறு மணிக்கு முன்ன புகார் அனுப்பினா, அந்தப் பாட்டையும் எடுத்து, அவளுக்கப் பேரையும் வெட்டி எறிஞ்சிடுவான்."

"ஒரு பாட்டு கேட்டதா எப்போ கணக்கு வைப்பான்?"

"அரை நிமிஷம் ஓடினாப் போதும், ஒண்ணு. சத்தத்தைக் குறைச்சு வச்சாலும் ஒண்ணு. பண்டு கன்வென்ஷன்ல சிடி விப்போம். ஒருத்தி வாங்கினா ஒண்ணு, அவ வீட்டுல போய் நூறு தடவை போட்டாலும் அது ஒண்ணுதான். இப்போ நூறு தடவை போட்டா நூறு! எனக்க பாட்டை ஞாயிறாழ்ச்சை ஸ்பீக்கர்ல போட்டு சபை முழுக்கக் கேக்குதாவ. அது வெறும் ஒண்ணு. அவளுக்கப் பாட்டு, ஒருத்தி குளிக்கப் போன நேரம் மேசையில கிடந்து தானா பாடுது. அதுவும் ஒண்ணு. இது என்ன நியாயம்?"

பிரேமகுமாரிக்கு எழுந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எதிர் மாடிக்காரனின் நட்சத்திரத்தைப் பற்றி அவளும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் வெள்ளியாழ்ச்சை காலையிலயாக்கும் சட்டுண்ணு ஏறுது" என்று ரெஜிலா குரலைத் தாழ்த்தினாள். "பெண்ணுங்க ஒக்க உபவாச ஜெபத்துல இருக்க நேரம். ஆரு கேப்பா? கேட்டவங்களைப் பிடிச்சு ரெண்டாவது சரணத்தைப் பாடச் சொல்லிப் பாருங்க. ஒருத்திக்கும் தெரியாது. கணக்குக்கு ஓடின பாட்டுக்குச் சரணம் எதுக்கு?"

"கொள்ளாம், நல்ல யோசனைதான்" என்றான் கனகதாஸ். "சரணம் தெரியாதவனைப் பிடிக்கணும்ணா முதல்ல என்னைப் பிடிக்கணும்."

* * *

குன்னத்துகாலில் லிஜாவின் புருஷன் ரெஜி வைத்திருந்தது மொபைல் ரிப்பேர் கடை. ஸ்கூட்டரை நிறுத்தும்போதே கனகதாஸ் போர்டைப் பார்த்துவிட்டு விசிலடித்தான்.

"அக்கா, கேஸ் முடிஞ்சுது. நீங்க உள்ள போய் விலங்கு போடுங்க. நான் எதிர்க்க ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன்."

உள்ளே போனால் அவன் சொன்னது சரிதான் போலிருந்தது. மேசையின் இழுப்பறையைத் திறந்தால் அடுக்கடுக்காகப் போன். சுவரில் தொங்கும் பையில் போன். ஸ்டூலுக்கு அடியிலும் போன். இத்தனையும் ராவும் பகலும் ஒரே பாட்டைப் பாடினால், எந்தப் பாட்டும் ஒன்றாவதாக வந்துவிடும்.

வந்த காரியத்தைப் பிரேமகுமாரி மறைக்காமல் சொன்னாள். ரெஜி பெரிய உடம்புக்காரன். கோபப்படுவான் என்று, சாயாவை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்திருந்த கனகதாஸ் வாசல் பக்கம் ஒதுங்கினான். ரெஜி கோபப்படவில்லை. ஒரு போனை எடுத்துத் திருப்பிக் காட்டினான். பின்மூடி இல்லை, பேட்டரி இல்லை.

"வயிறு கீறிப் போட்டிருக்க போன் பாடுமா சேச்சி? சிம் நம்பர் இல்லாம அந்த ஆப் திறக்கவும் செய்யாது. சிம்மை ஆட்கள் ஊரி எடுத்திட்டுத்தான் தருவாவ. வேணும்னா ஒவ்வொண்ணா நோக்கிக்கிடுங்க."

கனகதாஸ் நோக்கினான். ஒன்றுக்கும் உயிரில்லை.

"நாசமாப் போச்சு. ஒக்கயும் பிணம்" என்றான்.

கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்ற லிஜா முன்னால் வந்தாள். மெலிந்த பெண். பேச்சில் எந்த முறுக்கும் இல்லை.

"எனக்கே முதல்ல சந்தேகம் உண்டு சேச்சி. இவராக்கும் செய்யதுண்ணு நெனச்சு ரெண்டு நாளு நான் சோறு போடல்ல. பாருங்க, பாடினவங்களுக்கு மட்டும் ஆப்ல ஒரு பக்கம் உண்டு. எந்த ஊருல, எந்த நேரம் கேட்டாவண்ணு அதுல தெரியும்."

போனை நீட்டினாள். திரையில் ஒரு கோடு. முதலில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை திடீரென்று எழும்பி மறுபடி படுத்தது. அடுத்த வெள்ளியும் அப்படி. அதற்கடுத்த வெள்ளியும் அப்படி. எல்லாமே கொல்லயில் பக்கம். அதற்குப் பிறகு அந்தக் கொம்புகளைக் காணவில்லை. ஆனால் கோடு மெதுவாக, தினமும் சாயங்காலம், தானாக ஏறத் தொடங்கியிருந்தது. கொல்லயில், பிறகு பாறசாலை, இப்போது பூவார் வரைக்கும்.

"இந்த நேரக் கணக்கு வேற ஆருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும். இவருகிட்டகூட இண்ணைக்காக்கும் காட்டுதேன். வெளியாட்களுக்கு சனியாழ்ச்சை முதல் பத்து மட்டும்தான் தெரியும்."

பிரேமகுமாரியின் மண்டைக்குள் ஏதோ ஒன்று உரசியது. என்னவென்று பிடிபடவில்லை.

"ரெஜிலா சேச்சிதான உங்களை அனுப்பினது?" என்று லிஜா கேட்டாள். "பதினோரு வருஷம் அவங்களுக்க பக்கத்துல நிண்ணு ரெண்டாம் குரல் பாடினேன். மேலே அவங்க பாடுவாவ. கீழே அதைத் தாங்கி நான். எனக்க மைக்கை எப்பவும் அணைச்சுப் போட்டிருப்பாவ. அது கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "இது எனக்க முதல் பாட்டாக்கும். பேரை வெட்டிட்டாவண்ணா, கள்ளிண்ணு சொல்லுவாவ. பின்ன நான் எங்க போய்ப் பாடதுக்கு?"

* * *

கொல்லயிலில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் புஷ்பபாய் வீட்டில். தென்னந்தோப்புக்குள் நுழையும்போதே ஜெபம் முடிந்து கஞ்சிப் பானை இறங்கிவிட்டது தெரிந்தது. வாசலில் ஒரு பிரம்புக் கூடை. அது நிறைய போன்கள், கவிழ்த்து அடுக்கியிருந்தன.

"முதல்ல போனை அதுல போடுங்க" என்றாள் வாசலில் நின்ற புஷ்பபாய். அறுபது வயது, ஆனால் அதிகாரம் ஒரு தாசில்தாருக்குள்ளது. "கஞ்சி குடிச்சு முடியது வரைக்கும் எவளும் எடுக்கப்பிடாது. ஒரு நாளு ஜெபத்துக்க நடுவுல ஒருத்திக்க போன்ல சினிமாப் பாட்டு வந்துட்டு. அண்ணு வச்ச சட்டம்."

பிரேமகுமாரி போனைப் போட்டாள். கனகதாஸ் தன்னுடையதை நெஞ்சோடு அணைத்து ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போட்டான்.

கஞ்சியும் பயறும் வந்தது. ரெண்டு வாய் குடித்துவிட்டு அவள் வேலையைத் தொடங்கினாள்.

"இங்க ஆருக்காவது 'பாதி வழி வந்தேன்' பாட்டுத் தெரியுமா? ரெண்டாவது சரணம்?"

ஒருத்திக்கும் தெரியாது என்றுதான் ரெஜிலா சொல்லியிருந்தாள். புஷ்பபாய் கரண்டியைக் கீழே வைத்தாள். கண்ணை மூடித் தொடங்கினாள். மூலையில் இருந்த ஸ்ரீகுமாரி சேர்ந்துகொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக எல்லோரும்.

"விளக்கணைந்த வீட்டினிலும் வாசல் திறந்து வைத்தீரே..."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கவலைப்படவில்லை. ஒரு சொல் தப்பாமல், கடைசி வரை பாடி முடித்துவிட்டுத்தான் கரண்டியை எடுத்தார்கள்.

"அக்கா" என்று கனகதாஸ் காதைக் கடித்தான். "இது கள்ளக் கணக்குண்ணா நான் பிஷப்பாக்கும்."

"இந்தப் பாட்டு உங்களுக்கு எப்பிடிக் கிட்டுச்சு?" என்று கேட்டாள் பிரேமகுமாரி.

"அதுதான் எனக்கும் தெரியல்ல" என்றாள் புஷ்பபாய். "சாயங்காலம் சாயாவுக்கு அடுப்பு பத்த வச்சிட்டு, ஏதாவது பாட்டு கேக்கலாம்ணு ஆப்பைத் திறப்பேன். நான் ஒண்ணும் அமுக்காண்டாம், இது தானா வரும். முதல்ல எரிச்சலா வந்துது. பின்ன ஒருநாளு எனக்க மகன் கல்ஃப்ல இருந்து கூப்பிடாத நாளு. அண்ணு இருந்து கேட்டேன். முழுசும் கேட்டேன். பின்ன கேக்காம இருக்க முடியல்ல."

"எனக்கும் தானா வந்ததாக்கும்" என்றாள் ஸ்ரீகுமாரி.

அந்த நேரம் வாசல் கூடைக்குள் ஒரு போன் முனகியது. எவளுடையது என்று அதட்டிக்கொண்டே புஷ்பபாய் எடுத்துப் பார்த்தாள். கண்ணை இடுக்கினாள்.

"இதாரு, நம்ம நிஜினுக்க போட்டோ இல்லியா? 'உங்கள் அருகில் சிறந்த துப்பறிவாளர்'ண்ணு எழுதியிருக்கு. ஆருக்க போனிது?"

பெண்கள் சிரித்தார்கள். கனகதாஸ் கஞ்சியில் முகத்தைப் புதைத்தான். பிரேமகுமாரிக்கு அவமானத்தில் காது மடல் சூடாகிவிட்டது. கொல்லயிலில் கஞ்சி குடிக்க வந்த இடத்திலும் இவனா? போனைப் பிடுங்கி வாங்கினாள். வாங்கின கை அப்படியே நின்றது.

கனகதாஸ் போனில் நிஜின் வருவதே இல்லை. அவள் போனில்தான் வருகிறான். ஏன் வரமாட்டான்? காலையில் பல் தேய்க்கும் முன்னால் அவன் பக்கம். சோற்றுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. இவளுக்கு இவனைக் கண்டால் உயிர் என்று போன் நினைத்துக்கொண்டது. பொறாமைக்கும் பிரியத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. விரல் எங்கே போகிறதோ அதையே திரும்பத் திரும்ப எடுத்துக் கொடுக்கிறது.

அப்படியானால் இந்தப் பெண்களின் போன்களுக்கு லிஜாவின் பாட்டை யாரோ முதலில் பழக்கியிருக்க வேண்டும். இவர்கள் கையில் போன் இல்லாத ஒரு நேரத்தில்.

"புஷ்பபாய் சேச்சி, இந்தக் கூடைக்குக் காவல் ஆரு?"

"இப்போ நான். முன்ன ரெஜிலாவாக்கும். அவ வாசல்லயே உக்காந்து ஜெபிப்பா, பாவம். இந்த ஆப்பையும் அவதான் எங்க எல்லாருக்க போன்லயும் ஏத்தித் தந்தா, அவளுக்கப் பாட்டைக் கேக்கணும்ணு. பூட்டுத் திறக்க நம்பரும் அவளுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் மறந்து போவும்."

"இப்போ ரெஜிலா வாறதில்லியா?"

"கொஞ்ச நாளாட்டு இல்ல. நாங்க இந்தப் பாட்டைத் தொடங்கினா அவளுக்குத் தலைவலி வருதாம்."

காலையிலிருந்து மண்டைக்குள் உரசிக்கொண்டிருந்தது இப்போது பிடிபட்டது. பிரேமகுமாரி கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"எழும்புலே கனகா."

"பயறு இன்னும் தீரல்லியே அக்கா."

"எழும்பு!"

* * *

வழியில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டுப் பேக்கரி மாடிக்கு அவர்கள் திரும்பும்போது ரெஜிலா வந்து காத்திருந்தாள். ஆறு மணிக்கு அதிக நேரம் இல்லை. புகாரைப் போனில் தட்டெழுதி வைத்திருந்தாள். ரிப்போர்ட்டைச் சேர்த்து அனுப்ப வேண்டியது மட்டும் பாக்கி.

"கிட்டுச்சா?"

"கிட்டுச்சு" என்றாள் பிரேமகுமாரி. "இந்தப் பாட்டுக்கு மூணு வெள்ளியாழ்ச்சை கள்ளக் கணக்கு ஓடியிருக்கு. ஒருத்திக்கும் தெரியாம, சத்தத்தைக் குறைச்சு வச்சு, அரை அரை நிமிஷமா."

ரெஜிலாவின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன் இல்லியா!"

"சொன்னிய. வெள்ளியாழ்ச்சை காலையிலண்ணு நேரம்கூடச் சொன்னிய. அந்த நேரக் கணக்கு பாடினவளுக்கு மட்டும் தெரியக்கூடியதாக்கும். லிஜா கட்டினவனுக்கே இண்ணைக்கு வரைக்கும் காட்டல்ல. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கைக்குட்டை பிழிவது நின்றது.

"நானும் சந்தேகப்பட்டேன். தனக்க பாட்டுக்குக் கள்ளக் கணக்கு ஏத்தினா அர்த்தம் உண்டு. எதிராளிக்க பாட்டுக்கு எவளாவது ஏத்துவாளாண்ணு யோசிச்சேன்" என்றாள் பிரேமகுமாரி. "ஏத்துவா. கள்ளக் கணக்குண்ணு பிடிபட்டு, அவ பேரை வெட்டணும்ணு நெனச்சா ஏத்துவா. கூடைக்குக் காவலிருந்து, ஜெபத்தை விட்டுட்டு ஏத்துவா."

கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. ரெஜிலா அழுவாள் என்று கனகதாஸ் தண்ணீர் எடுத்து வந்தான். அவள் அழவில்லை. கொதித்தாள்.

"ஆப்காரன் பிடிப்பான்னு நெனச்சேன். அவன் பிடிக்கல்ல! நானும் கை வலிச்சு நிறுத்திட்டேன். நிறுத்தின பெறவும் ஏறுது! கூடையை நான் தொடல்ல, ஆனாலும் ஏறுது! அப்போ அவளும் ஏதோ கள்ளத்தனம் செய்யாண்ணுதான அர்த்தம்? நான் செய்தது மூணு வெள்ளி. மத்தது ஆரு செய்யா? அதைச் சொல்லுங்க!"

"நீங்கதான் செய்ததே. நீங்க அமுக்கினதுனால, அந்தப் போன்களுக்கு அவளுக்கப் பாட்டுத்தான் இஷ்டம்ணு ஆச்சு. நீங்க நிறுத்தின பெறவும் அது எடுத்து நீட்டிட்டே இருந்துது. அந்தப் பெண்ணுங்க கேட்டாவ. பிடிச்சுப் போச்சு. இப்போ ஏறது ஒக்க நிஜக் கணக்காக்கும். ரெண்டாவது சரணம் வரைக்கும் பாடினாவ ரெஜிலாம்மா. கஞ்சியை ஆற விட்டுட்டுப் பாடினாவ."

ரெஜிலா நாற்காலியை முன்னால் இழுத்தாள். "உங்களுக்கு எப்பிடி இது தோணிச்சு?"

பிரேமகுமாரி சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தாள். எதிராளி மேல் எரிகிற ஒருத்திக்கு முன்னால் இன்னொருத்தி எவ்வளவு நேரம் நடிக்க முடியும்?

"எதிர் மாடிக்காரனை எனக்க போனுக்குள்ள நான் இப்பிடித்தான் குடி வச்சிருக்கேன். தினமும் நோண்டி நோண்டி."

"நிஜினையா? காலையில முதல்ல அவன்கிட்டயாக்கும் போனேன்" என்றாள் ரெஜிலா. "இது பிரேமா மேடத்துக்க கேஸ், அவங்களை விட்டா ஆராலயும் முடியாதுண்ணு அவனாக்கும் இங்க அனுப்பினது."

அஞ்சு நட்சத்திரம் குத்தின இடத்தை விட இது ஆழமாகக் குத்தியது. 

"அக்கா, இதுக்காவது அவனுக்கு ஒரு நட்சத்திரம் போட்டு விடலாம்" என்றான் கனகதாஸ்.

"வாயை மூடுலே."

அவள் ரிப்போர்ட்டை மேசையில் வைத்தாள். "இதுல உள்ளது உள்ளபடி எழுதியிருக்கேன். புகார் அனுப்பினா இதுவும் கூடப் போவும். உங்க இஷ்டம்."

கடிகாரம் ஆறை நெருங்கியது. ரெஜிலாவின் விரல் போன் மேல் நின்றது. இறங்கவும் இல்லை, விலகவும் இல்லை.

"அனுப்பாண்டாம்" என்றாள் கடைசியில், போனிடம் சொல்வது போல. தட்டெழுதியதை அழித்தாள்.

அப்போது கீழே பேக்கரிக்காரன் சாயங்கால வியாபாரத்துக்கு ஸ்பீக்கரைப் போட்டான். 'பாதி வழி வந்தேன்'. பழம்பொரி வாங்க வந்தவர்களும், பஸ்ஸுக்கு நின்றவர்களும், ஆட்டோக்காரர்களும், ஜங்ஷன் முழுக்கக் கேட்டது. ஆப்பின் கணக்கில் அது ஒன்றுதான்.

ரெஜிலா எழுந்தாள். படி வரைக்கும் போய் நின்றாள்.

"அந்த வாசல் திறந்துண்ணு வாற இடத்துல அவ மூச்சைத் தப்பா எடுக்கா" என்றாள் எரிச்சலோடு. "எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்."

"எத்தனை தடவை கேட்டிய?" என்றான் கனகதாஸ்.

 கீழே பாட்டு ரெண்டாவது சரணத்துக்கு வந்திருந்தது. ரெஜிலாவின் உதடு அசைந்தது. பிறகு குரலும் வந்தது. ஒரு சொல் தப்பவில்லை. ஆனால் அவள் பாடியது லிஜா பாடிய மெட்டு இல்லை. அதற்குக் கீழே, அதைத் தாங்கிக்கொண்டு, சுத்தமான ரெண்டாம் குரல்.

சரணம் முடியும் முன்னால் அவளுக்கே அது காதில் விழுந்தது. சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, பட்டுப் புடவை சரசரக்கப் படியிறங்கிப் போனாள்.